பாஹ் எழுதாமல் விட்ட இடம்

1731 ஆகஸ்ட் 27 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் தேவாலயத்தில், புதிதாகப் பொறுப்பேற்கும் நகர மன்றத்துக்காக ஒரு சிறப்பு வழிபாடு நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் சடங்குதான். அதற்கான கான்டாட்டாவை, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும் பல பகுதி இசையை, எழுதி நடத்தியவர், நகரின் இசைப் பொறுப்பை 1723 முதல் வகித்துவந்த யோஹான் செபாஸ்டியன் பாஹ். பாடகர்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஆர்கன் மூச்சுவிடாமல் ஓடத் தொடங்கியது. தந்தி வாத்தியங்களும் ஓபோக்களும் அதைத் தாங்கின, மூன்று டிரம்பெட்டுகளும் டிம்பனி முரசுகளும் இடையிடையே முழங்கின. அரசு விழாவுக்கே உரிய பகட்டு. ஆனால் அந்த ஆர்கன் வாசித்தது அந்த நாளுக்கென்று பிறந்த இசை அன்று. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு பாஹ் தம் கைப்பட நேர்த்தியாகப் படியெடுத்து வைத்த ஓர் ஏட்டில், துணைக்கு ஒரு வாத்தியம்கூட இல்லாத ஒற்றை வயலினுக்காக எழுதப்பட்டிருந்த பிரெலூட் என்ற முகப்புப் பகுதிதான் அது. ஈ மேஜரில் இருந்ததை டி மேஜருக்கு இறக்கினார். வயலினின் ஓட்டத்தை ஏறத்தாழ அப்படியே ஆர்கன்காரரின் விரல்களுக்கு மாற்றினார். சுற்றிலும் ஒரு முழு வாத்தியக் குழுவை எழுப்பினார்.

பாஹின் இசையைப் பின்வந்த இசையமைப்பாளர்கள் எப்படி மாற்றினார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், மூலம் என்று ஒன்று கறைபடாமல் நிற்கிறது, மற்றவர்கள் அதன்மேல் கைவைத்தார்கள் என்ற எண்ணம் நம்மை அறியாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் கைவைத்தவர் பாஹ்தான் என்பதை அந்த வழிபாடு காட்டிவிடுகிறது. தம் இசையில் மட்டுமல்ல, பிறர் இசையிலும் அவர் கைவைத்தார். வைமார் அரண்மனையில் பணியாற்றிய காலத்தில், 1713, 1714 அளவில், இத்தாலியரான விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) தனி ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதினார். அதே விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய ஒரு கான்செர்ட்டோ, பிற்காலத்தில் பாஹ் கையில் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கானதாயிற்று. பெர்கோலேசி மரியாளின் துயரத்தைப் பாடிய ஸ்டாபாட் மாட்டருக்கு, 51ஆம் சங்கீதத்தைத் தழுவிய ஜெர்மன் வரிகளைப் பொருத்தி லூத்தரன் வழிபாட்டுக்கு உரியதாக்கினார்; வயோலாவுக்குத் தனியாக ஒரு குரலும் எழுதிச் சேர்த்தார். இவை எதையும் அவர் காலத்தவர் திருட்டாகவோ துரோகமாகவோ பார்க்கவில்லை. நல்ல இசையைக் கற்றுக்கொள்ளும் வழியே அதுதான் என்று இருந்தது.

ஆகவே பின்வந்தவர்களுக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை குறைவு. அவர்களுக்கு இடம் எங்கே கிடைத்தது என்பதே கவனிக்க வேண்டிய ஒன்று. பாஹின் இசைக்குறிப்பைத் திறந்து பார்த்தால், சுரங்கள் நெருக்கமாக, அலங்காரங்கள் உட்பட, எழுதப்பட்டிருக்கும்; அவற்றைச் சுற்றி இருக்க வேண்டியவை பெரும்பாலும் இருக்காது. எவ்வளவு வேகம், எங்கே உரக்க, எங்கே மெல்ல என்பவை அரிதாகவே குறிக்கப்பட்டிருக்கும். சில படைப்புகளில் எந்த வாத்தியம் என்பதே இல்லை. வயலின் தனி இசையில் மெட்டைத் தாங்கவேண்டிய ஹார்மனியும், அதாவது உடன் ஒலிக்கும் சுரங்களின் இணைப்பும், முழுமையாக எழுதப்படவில்லை. கோடி காட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. கீர்த்தனை ஒன்று பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறுபடுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆனால் நம்மிடம் அந்த வேறுபாடு பாடகரின் குரலில் நிகழ்கிறது. ஐரோப்பாவில் அது மீண்டும் தாளில் எழுதப்பட்டு, எழுதியவரின் பெயரோடு அச்சேறியது. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் அந்த வெற்றிடத்தில் எதை வைத்தது என்பதை இன்றும் எடுத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் அந்த வயலின் ஏட்டையே பார்க்கலாம். 1720 என்று தேதியிட்ட அதில் ஆறு படைப்புகள் இருக்கின்றன: மூன்று சொனாட்டாக்கள், நடன வகைப் பகுதிகளின் கோவைகளான மூன்று பார்ட்டிட்டாக்கள். துணைக்குப் பாஸ் (அடிக்குரல்) வாத்தியம் இல்லாமல் என்று தலைப்பிலேயே இத்தாலிய மொழியில் எழுதிவைத்தார் பாஹ். அவர் அப்போது கோத்தன் நகரில் ஓர் இளவரசரின் இசைக்குழுவை நடத்திவந்தார். அதே ஆண்டு ஜூலையில், இளவரசரோடு கார்ல்ஸ்பாட் சென்றிருந்த நேரத்தில், அவருடைய முதல் மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். டி மைனர் பார்ட்டிட்டாவின் இறுதியில் வரும் ஷாகான் அந்த மரணத்துக்கான இரங்கல்தான் என்று நம்ப விரும்புகிறவர்கள் பலர். அதற்குத் தக்க சான்று இல்லை என்பதால் அந்த ஊகத்தை இங்கே விட்டுவிடுகிறேன். ஊகம் இல்லாமலே ஷாகான் வியப்புக்குரியதுதான். நான்கு பார் (தாள அளவு) நீளமுள்ள ஒரு ஹார்மனி ஓட்டம் அறுபது தடவைக்கு மேல் உருமாறி உருமாறி வருகிறது. நடுவில் மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்பி, மீண்டும் மைனருக்கே வந்து முடிகிறது. வாசித்து முடிக்க ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும்.

வயலினின் நான்கு தந்திகளும் வளைந்த பாலத்தின்மேல் படுத்திருக்கின்றன. வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைத்தான் தொடர்ந்து ஒலிக்கச் செய்யும். மூன்றோ நான்கோ வேண்டுமென்றால் கீழிருந்து மேலாக உடைத்துத்தான் வாசிக்க வேண்டும். எனவே ஷாகானில் பாஹ் எழுதிய நான்கு சுரக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கொத்து) எதுவும் எழுதியபடியே முழுதாக ஒலிப்பதில்லை. கீழ்ச்சுரம் தொட்டு மறைந்துவிடும், மேற்சுரம் நிற்கும், மறைந்ததைக் கேட்பவரின் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஈ மேஜர் பிரெலூடிலோ கார்டுகளே அரிது. ஒற்றை வரிசையாகச் சுரங்கள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே எங்கோ ஒரு பாஸ் நடப்பதுபோல் நமக்குப் படுகிறது. பாஹ் வீட்டில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அவருடைய மாணவர் அக்ரிகோலா, 1770-களில் எழுதிய ஒரு குறிப்பில், இந்தத் தனி இசைகளை அவற்றை எழுதியவரே கிளாவிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தில் அடிக்கடி வாசித்ததாகவும், அப்போது தேவை என்று பட்ட அளவுக்கு ஹார்மனியைச் சேர்த்துக்கொண்டதாகவும் சொல்கிறார். எவ்வளவு தேவை என்று பட்டது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. பின்வந்த நூற்றைம்பது ஆண்டு வேலைக்கு வாசல் அங்கே இருக்கிறது.

ஆறு படைப்புகளும் முழுதாக அச்சேறியது 1802-இல், பான் நகரில். அப்போதும் அவை பயிற்சி நூலாகவே பெரும்பாலும் கருதப்பட்டன. மேடையில் ஒருவர் தனியாக நின்று துணையில்லாத வயலினை வாசிப்பது அக்காலக் கச்சேரிக் கூட்டத்துக்கு அரைகுறையாகத் தோன்றியது. பாஹ் என்ற பெயரைப் பொதுமக்களிடம் கொண்டுபோன நிகழ்ச்சி 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் நடந்தது. இருபது வயது பெலிக்ஸ் மெண்டல்ஸோன், இயேசுவின் பாடுகளைப் பற்றிய பாஹின் பெரும் படைப்பான மத்தேயு பாஷனை நடத்தினார். நடத்துவதற்காகப் பல பாடல்களை வெட்டினார், புழக்கத்தில் இல்லாமல் போயிருந்த பழைய ஓபோ வகைகளின் இடத்தில் கிளாரினெட்டை வைத்தார். அதே மெண்டல்ஸோன்தான் 1840-இல் லைப்சிக்கில், வயலின் கலைஞர் பெர்டினான்ட் டேவிட் ஷாகானை வாசித்தபோது பக்கத்தில் பியானோவில் அமர்ந்து துணைக் குரல் கொடுத்தார். அந்தத் துணை 1847-இல் அச்சில் வந்தது. 1853-இல் ராபர்ட் ஷூமான் ஆறு படைப்புகளுக்குமே பியானோத் துணை எழுதினார். செல்லோத் தனி இசைகளுக்கும் எழுதினார், ஆனால் அவற்றில் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது.

இன்று ஷூமானின் அந்த ஏட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர் வயலின் வரியில் கைவைக்கவில்லை. கேட்பவரின் காது எதை ஊகித்துக்கொள்ளுமோ அதைத்தான் பியானோவில் எழுதிக் காட்டினார்; ஒரு பழைய செய்யுளுக்குப் பதவுரை எழுதுவதுபோன்ற வேலை. ஆனால் பதவுரைக்கே உரிய குறையும் அதில் உண்டு. இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் உரைகாரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்; மற்றொன்று மூடிக்கொள்கிறது. ஈ மேஜர் பிரெலூடில் பாஹ் ஒரே சுரத்தைத் திறந்த தந்தியிலும் விரல் வைத்த தந்தியிலும் மாற்றி மாற்றி வாசிக்கச் செய்யும் இடங்கள் உண்டு. தனியாகக் கேட்கும்போது எது மேற்குரல், எது அடிக்குரல் என்று காது தடுமாறும். அந்தத் தடுமாற்றமே அங்கே சுகம். பியானோ கீழே கார்டைப் போட்டவுடன் தடுமாற்றம் நின்றுவிடுகிறது.

இதே காலத்தில் பிரான்ஸில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. சார்ல் குனோ 1853-இல் பாஹின் சி மேஜர் பிரெலூடை எடுத்து, அதை அப்படியே அடியில் ஓடவிட்டு, அதன் மேல் தம்முடைய ஒரு மெட்டை மிதக்கவிட்டார். 1859-இல் அந்த மெட்டுக்கு ஆவே மரியா என்ற ஜெப வரிகள் பொருத்தப்பட்டன. கிறித்தவத் திருமணங்களில் உலகெங்கும் அது இன்றும் ஒலிக்கிறது. குனோ கையில் இருந்த பதிப்பிலோ பாஹ் எழுதாத ஒரு பார் கூடுதலாக இருந்தது. ஹாம்பர்கைச் சேர்ந்த ஷ்வெங்கே என்ற இசைக்கலைஞர், அந்த இடத்தில் பாஸ் தாவும் தாவல் முரடாகப் பட்டதால் போலும், நடுவில் ஒரு படி வைத்துச் சமன்செய்திருந்தார். பாஹின் துணிச்சலைப் பிழை என்று எண்ணி ஒருவர் திருத்த, அந்தத் திருத்தத்தின் மேல் இன்னொருவர் மெட்டுக் கட்ட, கோடிக்கணக்கானோர் காதில் பாஹ் என்று விழுவதில் ஒரு பார் பாஹ் இல்லை.

ஷாகானுக்குத் திரும்பலாம். 1877 ஜூனில் யோஹானஸ் பிராம்ஸ், கிளாரா ஷூமானுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வரிக் கோடுகளில், ஒரு சிறிய வாத்தியத்துக்காக, அந்த மனிதர் மிக ஆழ்ந்த எண்ணங்களும் மிக வலிய உணர்வுகளும் கொண்ட ஓர் உலகத்தையே எழுதிவைத்திருக்கிறார் என்பது அந்தக் கடிதத்தின் புகழ்பெற்ற வாக்கியம். இதைத் தாமே எழுதியிருந்தால், ஏன், மனதில் கருக்கொண்டிருந்தால்கூட, அந்தப் பரவசமே தமக்குப் பித்துப் பிடிக்கவைத்திருக்கும் என்றும் சொல்கிறார். சிறந்த வயலின் கலைஞர் பக்கத்தில் இல்லாதபோது இதை எப்படி அனுபவிப்பது? பிராம்ஸ் கண்ட வழி, பியானோவில் இடக்கையால் மட்டும் வாசிப்பது. ஓர் எட்டு சுரம் கீழே இறக்கியதைத் தவிர அவர் ஏறத்தாழ எதையும் சேர்க்கவில்லை. பத்து விரல் இருக்கும் வாத்தியத்தில் ஐந்தைக் கட்டிப்போட்டார். அப்போதுதான் தாவல்களும், உடைத்து வாசிக்கும் கார்டுகளும், சிரமமும் வயலினில் உள்ளதுபோலவே அமைந்து, தம்மை ஒரு வயலின்காரராக உணரவைக்கின்றன என்பது அவர் கொடுத்த விளக்கம். கடிதம் வந்த நேரத்தில் கிளாரா ஒரு மேசை இழுப்பறையைத் திறக்கப்போய் வலக்கைத் தசைநாரைச் சுளுக்கிக்கொண்டிருந்தார்; இடக்கைக்கு மட்டுமான அந்தத் தாள்கள் அவருக்கு வேளையறிந்து வந்தவை ஆயின.

பிராம்ஸின் அந்த முடிவு சாமானியமானதன்று. ஷூமான் வெற்றிடத்தை நிரப்பினார் என்றால், பிராம்ஸ் அது வெற்றிடமாகவே இருக்கவேண்டும் என்று உணர்ந்தார். அவருடைய பேச்சு பாஹின் குரலில் குறுக்கிடவில்லை. தம்முடைய சொந்தப் படைப்பு வந்தபோதுதான் அந்தக் கல்வி வெளிப்பட்டது. 1885-இல் முடிந்த அவருடைய நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதி, பாஹின் 150ஆம் எண் கான்டாட்டாவின் கடைசியில் வரும் அடித்தள மெட்டைச் சற்றே மாற்றி எடுத்துக்கொண்டு, எட்டு பார் நீளமுள்ள அந்த ஓட்டத்தின் மீது முப்பது மாறுபாடுகளைக் கட்டுகிறது. ஷாகானின் உருவமே அங்கே முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரிந்திருக்கிறது. ஆனால் அதை யாரும் பாஹ் என்று சொல்லமாட்டார்கள். அது முழுக்க முழுக்க பிராம்ஸ்.

பிராம்ஸின் கடிதத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஷாகானைப் பியானோவில் எடுத்த பெருச்சோ புசோனிக்கு இந்தக் கூச்சம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த நாட்களில் அவர் உருவாக்கி 1893-இல் வெளிவந்த வடிவம் இரண்டு கைகளையும், பியானோவின் அடிமட்டத்திலிருந்து உச்சி வரையிலான முழு வீச்சையும், பெடலையும் பயன்படுத்துகிறது. வயலினில் மென்மையாகத் தொடங்கும் மேஜர் பகுதிக்கு மேலே, டிராம்போன்களைப் போல என்று அவர் குறிப்பு எழுதினார். அதாவது வயலின் இசையைப் பியானோவுக்கு மாற்றியவர், அதைப் பியானோவாகவும் கேட்கவில்லை. ஒரு பெரிய ஆர்கனாகவோ வாத்தியக் குழுவாகவோ கேட்டார். ஆகையால் பாஹை ஊதிப் பெருக்கினார் என்று அவரை ஏசியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அட்டைகளில் பாஹ்-புசோனி என்று இரண்டு பெயரும் சேர்ந்தே அச்சாகிவந்ததால், அவருடைய மனைவியை ஒருவர் திருமதி பாஹ்-புசோனி என்று அறிமுகப்படுத்தினார் என்று ஒரு நகைச்சுவையும் உலவுகிறது.

புசோனி ஏச்சுக்குப் பதில் வைத்திருந்தார். 1907-இல் வெளியான அழகியல் பற்றிய சிறு நூலில் அவர் சொல்வது இது: ஓர் இசை எண்ணம் தாளில் எழுதப்படும் கணத்திலேயே தன் மூல உருவத்தை இழந்துவிடுகிறது, எழுதுவதே ஒரு பெயர்ப்புதான். அப்படியென்றால் பாஹின் வயலின் ஏடும் மூலமன்று, பாஹ் மனதில் இருந்த ஒன்றின் முதல் பெயர்ப்பு. புசோனி தந்தது இன்னொரு பெயர்ப்பு. வாதம் சாமர்த்தியமானது, முழுமையாக ஏற்க முடியாதது. பாஹ் வயலினைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. அந்தச் சிறிய வாத்தியத்தால் முடியாததைக் கேட்டு வாங்குவதில்தான் ஷாகானின் இறுக்கம் இருக்கிறது. புசோனியின் பியானோவுக்கு முடியாதது எதுவும் இல்லாததால் அந்த இறுக்கம் போய், அதனிடத்தில் கம்பீரம் வந்து அமர்கிறது. இருந்தும் 1731-இல் டிரம்பெட்டுகளையும் முரசுகளையும் கூட்டிவந்த பாஹை நினைத்தால், புசோனிமீது கல்லெறிய எனக்குக் கை வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா பெருத்தது, பாஹும் அதனோடு பெருத்தார். எல்கர் 1921, 1922-இல் ஓர் ஆர்கன் ஃபாண்டசியாவையும் ஃபியூக்கையும் (ஒரே மெட்டு குரலுக்குக் குரல் தொடர்ந்து நுழையும் வடிவம்) மேளதாளத்தோடு எழுதினார்; ஷோன்பர்க் 1928-இல் ஈ பிளாட் பிரெலூடையும் ஃபியூக்கையும் மாபெரும் குழுவுக்கு எழுதினார்; ஸ்டோகோவ்ஸ்கியின் டி மைனர் டொக்காட்டா 1940-இல் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படம் வழியாகக் குழந்தைகளிடமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்த வரிசையிலிருந்து விலகி நிற்கும் ஒரு பத்து நிமிடத்துக்கும் குறைவான வேலைதான் என்னைப் பொறுத்தவரை அந்த நூற்றாண்டின் ஆகக் கூர்மையான பாஹ் வாசிப்பு: ஷோன்பர்கின் மாணவர் ஆன்டன் வேபர்ன் 1934, 1935-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய, ரிச்செர்கார் என்ற பாஹின் ஆறு குரல் ஃபியூக்.

மூலத்தின் கதை தெரிந்ததுதான். 1747 மே மாதம் பாஹ் போட்ஸ்டாம் அரண்மனைக்குச் சென்றபோது, பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் ஒரு மெட்டைக் கொடுத்து அதில் உடனடியாக ஃபியூக் வாசிக்கச் சொன்னார். பாஹ் மூன்று குரலில் வாசித்தார். ஆறு குரலில் அதே மெட்டில் அந்த இடத்திலேயே வாசிக்க இயலவில்லை. ஊர் திரும்பி, எழுதி, மற்றப் பகுதிகளோடு சேர்த்து இசைக்காணிக்கை என்ற பெயரில் அச்சிட்டு மன்னருக்கு அனுப்பினார். அந்த ஆறு குரல் பகுதியில் எந்த வாத்தியம் வாசிக்கவேண்டும் என்று குறிக்கவில்லை. வெற்றிடம் மறுபடியும்.

வேபர்ன் ஒரு சுரத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மன்னரின் மெட்டை அவர் துண்டாக்கினார். முதல் சில சுரங்கள் ஒலியடக்கிய டிராம்போனில், அடுத்தவை ஹார்னில், அதற்கடுத்தவை டிரம்பெட்டில், ஓரிரு சுரங்களை மட்டும் ஹார்ப் தொட்டுக் காட்டும். ஒரே மெட்டு நான்கைந்து தொனிகளில் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. முதன்முறை கேட்பவருக்கு இது தேவையற்ற கொத்துக்கறியாகப் படலாம். இரண்டாம், மூன்றாம் முறையில்தான் காரணம் புரியும்: அவர் வெட்டிய இடங்கள் யாவும் மெட்டின் உள்மூட்டுகள். எந்தத் துணுக்கு வேறெங்கு எதிரொலிக்கிறது என்பது தொனி மாற்றத்தால் பளிச்சென்று தெரிகிறது. பாஹின் அருவமான எழுத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிக் காட்டுவதே நோக்கம் என்று வேபர்ன் நடத்துநர் ஹெர்மன் ஷெர்ஹெனுக்கு எழுதினார். ஷூமான் காதுக்கு ஹார்மனி போதாது என்று கவலைப்பட்டவர். வேபர்ன் காதுக்குக் கட்டுமானம் தெரியவில்லை என்று கவலைப்பட்டவர். அவர் வாழ்ந்த வியன்னாவில் அப்போது 1934-இன் அடக்குமுறை சோஷியல் டெமாக்ரட் கட்சியைத் தடைசெய்து, அவர் நடத்திவந்த தொழிலாளர் இசை நிகழ்ச்சிகளையும் முடித்துவைத்திருந்தது. இந்த ரிச்செர்கார் முதலில் ஒலித்தது 1935 ஏப்ரலில், லண்டனில்.

அதே 1935-இல் வேபர்னின் நண்பர் ஆல்பன் பெர்க் தம் வயலின் கான்செர்ட்டோவில் பாஹ் ஹார்மனி அமைத்த 'போதும்' என்ற மரண கீதத்தைக் கொண்டுவந்து வைத்தார். பதினெட்டு வயதில் இறந்த மானோன் குரோப்பியஸ் என்ற பெண்ணின் நினைவுக்கான படைப்பு அது. பெர்க் அதற்கு அடிப்படையாக அமைத்த பன்னிரு சுர வரிசையின் கடைசி நான்கு சுரங்கள் தொடர்ந்து முழுச்சுர இடைவெளியில் ஏறுபவை. அந்தக் கீதத்தின் முதல் நான்கு சுரங்களும் அப்படியே. பாஹ் வெளியிலிருந்து நுழைவதுபோல் இல்லாமல், உள்ளே இருந்தவர் எழுந்து வருவதுபோல் இருப்பதற்கு இந்தப் பொருத்தமே காரணம். கிளாரினெட்டுகள் ஒரு சிற்றூர் ஆர்கன்போல் அதை வாசிக்கும்போது பெர்க்கின் ஹார்மனியும் பாஹின் ஹார்மனியும் மாறி மாறி வரும்.

சோவியத் ஒன்றியத்தில் வாழ்ந்த சோஃபியா குபைதூலினா 1980-இல் செய்தது இவற்றுக்கெல்லாம் நேர் எதிர். வயலின் கலைஞர் கீதோன் கிரேமருக்காக எழுதிய ஓஃபெர்டோரியம் என்ற கான்செர்ட்டோவை, வேபர்னின் பாணியிலேயே துண்டாகி வரும் அதே மன்னரின் மெட்டோடு தொடங்கினார். ஆனால் கடைசிச் சுரம் வராமலே மெட்டு நின்றுபோகிறது. பிறகு ஒவ்வொரு மாறுபாட்டிலும் மெட்டின் முன்னிருந்து ஒரு சுரம், பின்னிருந்து ஒரு சுரம் என்று உதிர்ந்துகொண்டே வந்து, இறுதியில் ஒற்றைச் சுரம் மட்டும் மிஞ்சுகிறது. அங்கிருந்து, வேறொரு இசையின் மடியில், மெட்டு பின்னோக்கிய வரிசையில் சிறிது சிறிதாக மீண்டும் கட்டப்படுகிறது. தலைப்பு, திருப்பலியில் அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படும் பகுதியின் பெயர். தமிழ்க் கத்தோலிக்கர் அந்த வேளையைக் காணிக்கை என்றே சொல்வார்கள். பாஹின் இசைக்காணிக்கையிலும் அதே சொல். மற்றவர்கள் பாஹிடம் எதைச் சேர்க்கலாம் என்று பார்த்த இடத்தில் இவர் எதைக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தார், அதுவும் நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட ஓர் அரசின் கீழ்.

நாம் தொடங்கிய ஈ மேஜர் பிரெலூடும் சும்மா இருக்கவில்லை. 1933-இல் ரஹ்மானினோஃப் அதைப் பியானோவுக்கு எடுத்து, ஓட்டத்துக்கு நடுவே தம்முடைய உட்குரல்களை நுழைத்தார்; பாஹின் வரிக்குள் ஒரு ரஷ்ய ஏக்கம் கசிகிறது. 1968-இல் வெண்டி கார்லோஸ் மூக் சிந்தசைசரில் வெளியிட்ட ஸ்விட்ச்ட்-ஆன் பாஹ் என்ற இசைத்தட்டு, இந்தக் கட்டுரையின் முதல் வரிகளில் வந்த அதே கான்டாட்டாவின் அதே முகப்பு இசையோடுதான் தொடங்குகிறது. அக்கால மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டியிருந்தது. கருவியின் இயலாமை ஒவ்வொரு குரலுக்கும் தனி நிறத்தைக் கொடுத்தது; எங்கோ வேபர்ன் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இது வேறு தெருவழியாக வந்து சேர்ந்தது.

1986-இல் அந்தப் பிரெலூட் சென்னைக்கு வந்தது. இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பு தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ் என்ற பகுதியில் வி. எஸ். நரசிம்மனின் வயலினில் ஈ மேஜர் பிரெலூட் ஓடுகிறது, அதனோடு இளையராஜாவின் சொந்த மெட்டும் தந்தி வாத்தியக் குழுவும் இழைகின்றன. வெளித்தோற்றத்துக்குக் குனோ செய்ததேபோல இருக்கும்: பாஹ் அப்படியே, மேலே ஒரு புதிய மெட்டு. ஆனால் குனோ தேர்ந்தெடுத்தது உடைத்து வாசிக்கும் கார்டுகளால் ஆன, மெட்டு என்று தனியாக எதுவும் முன்நிற்காத ஒரு பிரெலூடை. மேலே ஆள் வர அங்கே நாற்காலி காலியாகவே இருந்தது. இளையராஜா எடுத்ததோ தானே மெட்டும் துணையுமாக இடைவெளியின்றி ஓடும் ஒரு வரியை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டை நிறுத்துவது கவுண்டர்பாயிண்டின் கடினமான கணக்கு. ஒன்று மற்றொன்றின் பின்னணியாகிவிடாமல் இரண்டும் ஆளாகவே நிற்கவேண்டும். ஷூமான் அந்த வரிக்குக் கீழே ஹார்மனி வேண்டும் என்று கேட்டார். இங்கே அந்த வரிக்குப் பேச்சுத் துணையாக இன்னொரு வரி கேட்கப்பட்டது. சங்கராபரணத்தின் சுரங்களே ஐரோப்பியரின் மேஜர் அளவுகோலிலும் இருக்கின்றன என்றாலும், ஒரு சுரத்தை நடத்தும் விதத்தில் இரண்டு மரபுகளும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பது, அவை அருகருகே நிற்கும்போதுதான் நன்றாகக் கேட்கிறது.

பாஹ் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் ஆகப் பெரியது உண்மையிலேயே வெறும் தாள். அவர் இறந்த மறு ஆண்டு, 1751-இல், எந்த வாத்தியம் என்று சொல்லாமலே அச்சான ஃபியூக் கலை என்ற தொகுப்பின் ஒரு பெரிய ஃபியூக் பாதியில் நின்றுபோகிறது. கையெழுத்துப் பிரதியில் 239ஆம் பாரோடு மை முடிந்துவிடுகிறது. ஜெர்மானியர் பி பிளாட் சுரத்தை பி என்றும் பி நாச்சுரலை ஹெச் என்றும் சொல்வதால், பாஹின் பெயரின் நான்கு எழுத்துகளையும் சுரங்களாக வாசிக்க முடியும். அந்த நான்கு சுரங்களும் மெட்டாக நுழைந்து சிறிது நேரத்தில்தான் எழுத்து நிற்கிறது. தம் பெயரை எதிர்மெட்டாக நுழைத்த இடத்தில் இதை எழுதியவர் இறந்தார் என்று மகன் கார்ல் பிலிப் எமானுவேல் அங்கே எழுதிவைத்தார். உணர்ச்சிமிக்க செய்தி, ஆனால் கையெழுத்தை ஆராய்ந்தவர்கள் அந்தப் பக்கம் மரணப் படுக்கைக்கு முந்தியது என்கிறார்கள். அச்சிட்டவர்களோ வாங்குபவருக்கு ஈடுகட்ட வேறொரு கீதத்தைக் கடைசியில் சேர்த்துவிட்டார்கள்.

அதை முடித்துக் காட்டியவர்கள் பலர். புசோனி 1910-இல் தம் ஃபாண்டசியா கான்ட்ரபுன்டிஸ்டிகாவில் முடித்தது மட்டுமல்லாமல், அதைச் சுற்றி ஒரு கோட்டையே கட்டினார். லூச்சியானோ பெரியோ 2001-இல் இருபத்து மூன்று வாத்தியக்காரர்களுக்கு அதே ஃபியூக்கை எழுதினார். பாஹின் சுரங்கள் இருக்கும்வரை அவருடைய கை தொனிகளைப் பங்கிடுவதோடு நிற்கிறது. எழுத்து நிற்கும் இடம் வந்ததும், பி பிளாட், ஏ, சி, பி நாச்சுரல் ஆகிய நான்கு சுரங்களும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று உரசும் கார்டாக மெல்ல எழுகின்றன. ஃபியூக் அதற்கு மேல் நகர்வதில்லை. வாத்தியங்கள் அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டே அடங்குகின்றன.